சர்க்கரை சேர்க்காத, புரதம் மிகுந்த கார நொறுக்கு: பையில் எதைப் போடலாம்?

கேள்வி, 2024 ஜூன் 3

மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே 7 மணி நேரம் இடைவெளி. சாயங்காலம் 4 மணிக்குக் கையில் கிடைப்பது பிஸ்கட்டும் சமோசாவும்தான். கார வகையா வேணும், சர்க்கரை சேர்த்திருக்கக் கூடாது, புரதம் நல்லா இருக்கணும், ஃப்ரிட்ஜ் இல்லாம பையிலேயே கிடக்கணும், கசியக் கூடாது. மக்கானாதான் (அல்லி இனத்துச் செடியின் விதையைப் பொரித்தது) இதுக்கெல்லாம் பதில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதுமா?

ஜூன் 3, இரவு

போதாது. மக்கானாவில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமுக்குள்தான். அது காற்று மாதிரி லேசு. 30 கிராம் என்பதே பெரிய கிண்ணம் நிறைய வரும். அவ்வளவையும் சாப்பிட்டால் 3 கிராம் புரதம். ஒரு அவித்த முட்டையில் இருப்பது 6 கிராம். மக்கானா மோசமான பண்டம் இல்லை, ஆனால் அது மாவுச்சத்துப் பண்டம். அதைப் புரதம் என்று நினைத்து வாங்காதீங்க.

எதை எடுத்தாலும் இரண்டு கணக்குப் போடுங்க. ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், எத்தனை கிராம் புரதம்? அதே கைப்பிடியில் எத்தனை கலோரி? பொட்டுக்கடலை 30 கிராமில் புரதம் ஆறரை கிராம், கலோரி 110. நிலக்கடலை 30 கிராமில் புரதம் 7 கிராம், கலோரி 170. முந்திரியும் பாதாமும் ஐந்தரை கிராமைத் தொடுவதற்கே 170, 180 கலோரி கேட்கும். விலை குறைந்த சரக்கு விலை கூடின சரக்கை ஜெயிக்கும் இடம் இது. காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15 கிராம் புரதம், 105 கலோரி. அதன் பக்கத்தில் எதுவுமே நிற்காது. அதை நொறுக்காக மாற்றுவதுதான் கஷ்டம். தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

கடையில் பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. "ஹை புரோட்டீன்" என்று முன்பக்கம் போட்டிருப்பதை நம்பி எடுக்காதீங்க. நம் நாட்டு விதிப்படி, திட உணவில் 100 கிராமுக்கு ஒரு நாள் தேவையில் 20 சதவீதம் புரதம் இருந்தால் அந்த வார்த்தையைப் போடலாம். 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் தேவை 54 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-ல் சொன்ன கணக்கு. அதில் 20 சதவீதம் ஏறக்குறைய 11 கிராம். பாக்கெட்டோ 30 கிராம். அப்படியென்றால் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே புரதம் உள்ள பாக்கெட்டும் சட்டப்படி "ஹை புரோட்டீன்"தான்.

பின்பக்கம் திருப்புங்க. ஊட்டச்சத்துக் கட்டத்தில் மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை ஒரு வரி, இரண்டும் இருக்கும். கடலையிலும் பட்டாணியிலும் இயல்பாகவே கொஞ்சம் சர்க்கரை உண்டு. மொத்தச் சர்க்கரை 2, 3 கிராம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. அப்புறம் சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் வரும். டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம் எல்லாம் சர்க்கரைதான். காரப் பண்டத்தில் அது எங்கிருந்து வருகிறது என்றால் மேலே தூவுகிற மசாலாவிலிருந்து. தக்காளி ருசி, புளிப்பு-இனிப்பு ருசி, "டாங்கி" என்று பெயர் வைத்தவற்றில் சர்க்கரை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி இன்னொரு ஓட்டை. சட்டக் கணக்கில் அது சர்க்கரை வரியில் வராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரை நோய்க்காகத் தேடுகிறவர்கள் இந்தப் பெயர் இருக்கிற பாக்கெட்டைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

ஜூன் 4, இரவு

உப்புக்கடலை. தோலோடு, மஞ்சள் பூசி, வண்டியில் கூம்புப் பொட்டலத்தில் கொடுப்பார்களே, அது. வீட்டில் செய்ய:

கருப்புக் கொண்டைக்கடலை 250 கிராம். கால் லிட்டர் கொதிநீரில் உப்பு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன் கரைத்து, கடலையைப் போட்டு மூடி 15 நிமிஷம். வடிகட்டி, ஈரத்துணியில் கட்டி 1 மணி நேரம் அப்படியே வைக்கணும். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி மேலே உள்ள ஈரம் போகும் வரை உலர்த்தணும், ஃபேன் காற்று போதும். கனமான இரும்புக் கடாயில் 1 கிலோ கல்லுப்பைப் போட்டுப் பெரிய தீயில் 10 நிமிஷம் சூடாக்குங்க. ஒரு கடலையைப் போட்டால் 15 விநாடிக்குள் வெடிக்கணும், அதுதான் பதம். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான். கை நிற்காமல் கிளறணும். படபடவென்று சத்தம் வரும், தோல் நடுவில் கீறிக்கொண்டு உள்ளே வெளிர் மஞ்சள் தெரியும். சத்தம் அடங்கியதும் கரண்டி ஜல்லடையில் அள்ளிவிடணும். அடுத்த கைப்பிடி.

வெறும் கடாயில் உப்போ மணலோ இல்லாமல் வறுத்தால் ஏன் கல்லு மாதிரி ஆகிறது? கடலையின் ஒரு பக்கம்தான் இரும்பைத் தொடுகிறது. உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளியே போய்விடுகிறது, கடலை சுருங்கி இறுகிவிடுகிறது. சூடான உப்புக்குள் புதைந்தால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடு ஏறும். ஈரம் தப்பிப்பதற்கு முன்னாலேயே ஆவியாகி உள்ளிருந்து தள்ளும். அந்தத் தள்ளல்தான் மொறுமொறுப்பு. அதனால்தான் ஈரத்துணியில் 1 மணி நேரம் கட்டிவைப்பதை விட்டுவிடக் கூடாது. மேலே மட்டும் நனைந்த கடலை வெடிக்கும், உள்ளே கெட்டியாகவே இருக்கும்.

ஜூன் 5

மேலே உப்பு 2 டீஸ்பூன் என்றேன். அது ஆற்றுமணலில் வறுக்கும்போது சரி. கல்லுப்பில் வறுத்தால் உப்புத்தூள் தோலில் ஒட்டிக்கொள்ளும், 2 டீஸ்பூன் கரித்துவிடும். 1 டீஸ்பூனுக்கும் குறைவாகப் போடுங்க. வறுத்ததும் துணியில் போட்டு ஒரு தடவை குலுக்கித் துடைத்துவிடுங்க. கடாயில் மிஞ்சிய கல்லுப்பு சாம்பல் நிறமாகும், எறிய வேண்டாம், ஆறவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த முறைக்கு ஆகும்.

ஜூன் 6

"வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்து ஓவனில் வறுத்தேன், ராத்திரி மொறுமொறு, காலையில் சவசவ" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது எல்லோருக்கும் நடக்கும். ஊறி வெந்த கடலையில் பாதிக்கு மேல் தண்ணீர். 200 டிகிரியில் 30 நிமிஷம் வைத்தால் மேல்தோல் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் இருக்கும். ராத்திரி முழுக்க அந்த ஈரம் வெளியே நகர்ந்து மேலோட்டையும் நனைத்துவிடும். சூடு கூட்டினால் தீயும், நடு காயாது. செய்ய வேண்டியது, 200 டிகிரியில் 25 நிமிஷம், பிறகு 130 டிகிரிக்கு இறக்கி 35 நிமிஷம், அடுப்பை அணைத்துக் கதவை ஒரு கரண்டி அகலம் திறந்து வைத்து உள்ளேயே ஆறவிடுவது. ஒன்றைக் கடித்துப் பாருங்க. நடுவில் மாவு மாதிரி மிருதுவாக இருந்தால் இன்னும் 15 நிமிஷம். எண்ணெயும் மசாலாவும் கடைசி 10 நிமிஷத்தில்தான். முதலிலேயே எண்ணெய் தடவினால் ஈரம் வெளியேறுவதும் தடைபடும், மிளகாய்த்தூளும் கருகும்.

பையில் 3 நாள் கிடக்கணும் என்றால் இதைவிட உப்புக்கடலையே மேல். மீதி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: உள்ளே ஈரம் இருக்கும் வரை அது எடுத்துப்போகிற பண்டம் இல்லை.

ஜூன் 9

மீல்மேக்கர். 100 கிராம் எடுத்து, உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிஷம். வடித்து, பச்சைத்தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழியணும். சோயா வாடை அந்தத் தண்ணீரோடு போகும். கடைசிப் பிழியல் துணியில் கட்டிப் பிழியணும், கையில் பிழிந்தால் பாதித் தண்ணீர் உள்ளே நிற்கும். பெரிய உருண்டையை நாலாக வெட்டுங்க. இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1, மிளகுத்தூள் அரை, கடலைமாவு 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன், உப்பு. பிசிறி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி 160 டிகிரியில் 40 நிமிஷம், நடுவில் ஒருமுறை புரட்டி. ஆறினபின்தான் மொறுமொறுப்பு தெரியும்.

25 கிராமில் 10 கிராம் புரதம் தேறும்.

ஜூன் 10

"முளைகட்டின பயறில் புரதம் இரட்டிப்பாகும், அதை எடுத்துப் போகலாமே?" இரட்டிப்பாகாது. காய்ந்த பாசிப்பயறில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். முளைகட்டினால் அதே பயறு தண்ணீர் குடித்து எடை கூடிவிடுகிறது, ஆக 100 கிராமுக்குப் புரதம் குறைகிறது. செரிப்பது சுலபமாகும், வைட்டமின் சி வரும், அதெல்லாம் உண்மை. ஆனால் மூடிய டப்பாவில், மே மாத வெயிலில், பச்சை முளைப்பயறு கிருமிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. வீட்டில் சாப்பிடுங்க, பையில் வேண்டாம்.

சுண்டலும் இதே கதை. தேங்காய் போட்ட சுண்டல் நாலு மணி நேரம் தாண்டினால் நூல் விடும். எடுத்துப்போயே ஆகணும் என்றால் தேங்காய், மாங்காய், வெங்காயம் மூன்றும் இல்லாமல், தாளித்து வாணலியிலேயே ஈரம் வற்றும்வரை புரட்டி, ஆறவைத்துக் கட்டுங்க. மதியத்துக்குள் முடித்துவிடணும்.

ஜூன் 15

தட்டை. இதைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். வழக்கமான தட்டையில் பச்சரிசி மாவுதான் முக்கால் பங்கு. அரிசியில் புரதம் 8 சதவீதம். எண்ணெயில் பொரிப்பதால் எடையில் கால்வாசி எண்ணெய். அப்படியே அரிசியை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலை மாவை மட்டும் பிசைந்து பொரித்தால் எண்ணெயைக் குடித்து வாணலியிலேயே உதிரும். பிடித்து நிறுத்த மாவுச்சத்து கொஞ்சம் வேணும். எண்ணெய்ச் சட்டியை விட்டு ஓவனுக்குப் போனால் கணக்கு ஒத்துவருகிறது:

பொட்டுக்கடலை 150 கிராம், மிக்ஸியில் அரைத்துச் சலித்தது. உளுந்து 50 கிராம், வாசம் வரும்வரை வெறும் கடாயில் வறுத்து, ஆறவைத்து அரைத்துச் சலித்தது. அரிசி மாவு 50 கிராம். வெள்ளை எள் 10 கிராம், சீரகம் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒன்றரை, பெருங்காயம், உப்பு 1 டீஸ்பூன், நறுக்கின கறிவேப்பிலை. 30 கிராம் எண்ணெயைப் புகைய விடாமல் சூடாக்கி மாவில் ஊற்றி விரலால் தேய்த்துக் கலக்கணும். பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரணும். பிறகு தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, 100 முதல் 120 மில்லி. 25 உருண்டை வரும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துக் கிண்ணத்தால் அழுத்தி 2 மில்லிமீட்டர் கனத்துக்கு. முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தணும், இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பி மேல்பக்கம் மட்டும் சிவக்கும். 160 டிகிரி, பக்கத்துக்கு 12 நிமிஷம். அணைத்துவிட்டு உள்ளேயே 10 நிமிஷம்.

ஒரு தட்டைக்கு 2 கிராம் புரதம். நாலு தட்டைக்கு 8. எள்ளை ருசிக்காக மட்டும் போடவில்லை. லைசின், மெத்தியோனின் இரண்டும் புரதத்தைக் கட்டுகிற அமினோ அமிலங்கள். பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் உண்டு. பருப்பும் எள்ளும் சேர்ந்தால் உடம்புக்கு உபயோகப்படும் பங்கு கூடும்.

விளிம்பு கருகி நடு வளைகிறதென்றால் கனம் ஒரே சீராக இல்லை. தட்டிப் பார்த்தால் டொக்கென்று ஓசை வரணும், மந்தமாக இருந்தால் இன்னும் 5 நிமிஷம்.

ஜூன் 16

உளுந்து வறுக்காமல் பச்சையாக அரைத்துப் போட்டவருக்கு: தட்டை பல்லில் ஒட்டுவது அதனால்தான். பச்சை உளுந்தின் பிசுபிசுப்பு ஓவன் சூட்டில் முழுசாகப் போவதில்லை. பொன்னிறமாக வறுக்கணும், கருக்கினால் கசக்கும்.

ஜூன் 22

அசைவம். முட்டையை ஓடோடு எடுத்துப் போங்க, உரித்து எடுத்துப் போகாதீங்க. அவித்ததும் பச்சைத்தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து, ஈரமில்லாத டப்பாவில். வெயில் நாளில் வெளியே ஒரு மணி நேரம், மற்ற நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம். அதனால் 4 மணிப் பசிக்கு இது ஆகாது. காலை 10 மணிக்கு ஆகும்.

நாள்கணக்கில் கிடக்க நெத்திலிக் கருவாடு. தலையையும் வயிற்றையும் கிள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை அலசணும். முதல் தண்ணீரில் மணல் கீழே படியும், அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தையும் கழுவணும். இல்லையென்றால் அதே மணல் திரும்ப ஏறும். துணியில் ஒற்றி, ஒரு நாள் நல்ல வெயில். பிறகு சின்னத் தீயில், எண்ணெய் இல்லாமல், ஒடித்தால் ஒடியும் வரை வறுக்கணும், 8 நிமிஷம் பிடிக்கும். மிளகும் பூண்டும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு ஒரு புரட்டு. உப்புத் தனியாகச் சேர்க்க வேண்டாம். எவ்வளவு அலசினாலும் உள்ளே உப்பு இருக்கும், ஆகவே 10, 15 கிராம்தான் ஒரு வேளைக்கு. ரத்தக்கொதிப்பு, யூரிக் அமிலம் இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலில் போடுங்க. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் வாடை பஸ் முழுக்க நம்மைக் காட்டிக்கொடுக்கும், டப்பாவும் அதற்கப்புறம் கருவாட்டுக்கே பட்டா.

தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு மாசி இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்தது. அதை இடித்து, வறுத்த பொட்டுக்கடலையும் மிளகும் சேர்த்துப் பொடியாக வைத்துக்கொண்டால் சோற்றுக்கும் ஆகும், சும்மா வாயில் போடவும் ஆகும்.

ஜூலை 1

மீல்மேக்கரைப் பற்றி 9-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். எடுத்துப்போக வேண்டும் என்றால் ஊறவைக்கவே வேண்டாம். தண்ணீரை உள்ளே ஏற்றிவிட்டு அதை வெளியேற்ற 40 நிமிஷம் போராடுவது வீண். அது கடையிலிருந்து வரும்போதே காய்ந்த பண்டம்தானே.

மினி உருண்டையாக வாங்குங்க, சுண்டைக்காய் அளவு. 100 கிராமுக்கு எண்ணெய் 2 டீஸ்பூன். அடி கனத்த வாணலி, சின்னத் தீ, 8 முதல் 10 நிமிஷம், கிளறிக்கொண்டே. நிறம் ஒரு படி கூடும், கொட்டை வறுபடும் வாசம் வரும். ஒன்றை எடுத்து ஒரு நிமிஷம் ஆறவைத்துக் கடியுங்க. சூட்டில் கடித்தால் எப்போதும் சவச்சவ என்றுதான் இருக்கும், அதைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. ஆறினதும் பொடிந்து நொறுங்கினால் ஆச்சு. நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் 2 நிமிஷம். தீயை அணைத்த பிறகு மசாலா: மிளகு 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை, மாங்காய்த்தூள் அரை, உப்பு முக்கால், நாலையும் மிக்ஸியில் பவுடராக ஓட்டினால்தான் ஒட்டும். பெரிய உருண்டையில் இது நடக்காது; வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வேகவைத்து வடிக்கும்போது வயிறு உப்பச் செய்கிற சர்க்கரைகளில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். இந்த முறையில் அப்படியே உள்ளே இருக்கும். முதல் வாரம் 15 கிராமுக்கு மேல் வேண்டாம், கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். உப்புசம் தாங்காதவர்களுக்குப் பழைய முறையே சரி.

ஜூலை 7

கடலைமிட்டாய் பற்றி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் பெருமையில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. வெல்லமும் சேர்த்த சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரையும், கருப்பட்டியும், தேனும் அப்படியே.

நிலக்கடலை வேணும் என்றால்: 250 கிராம், 1 டீஸ்பூன் உப்பை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசிறி 15 நிமிஷம் உலர்த்தி, சின்னத் தீயில் 12 முதல் 15 நிமிஷம். பருப்பைப் பிளந்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் இருக்கும்போதே இறக்கணும். கடாயின் சூடும் பருப்பின் சூடும் இன்னும் 3 நிமிஷம் வறுத்துக்கொண்டே இருக்கும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கசந்துவிடும். உடனே தட்டில் பரப்புங்க.

வறுப்பதற்கு முன்னால் பொறுக்குங்க. சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சை பிடித்தது எல்லாம் குப்பைக்கு. அந்தப் பூஞ்சை விடுகிற அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கிற விஷம், வறுத்தாலும் முழுசாகப் போகாது. சாப்பிடும்போது ஒன்று கசந்தால் துப்பிவிடணும், விழுங்கக் கூடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க.

ஆகஸ்ட் 18

மழை வந்ததும் எல்லாம் நமத்துப்போகிறது என்று மூன்று பேர். பெரும்பாலும் தப்பு மழையில் இல்லை, சூடாக டப்பாவில் போட்டதில் இருக்கிறது. கையில் அள்ளினால் சூடே தெரியாத அளவுக்கு ஆறணும். உப்புக்கடலைக்கு 40 நிமிஷம், தட்டைக்கு ஒரு மணி நேரம். இரண்டாவது, பெரிய டப்பா. ஒரு கிலோ டப்பாவை நாளுக்கு நாலு தடவை திறந்தால் நாலு தடவை ஈரக்காற்று உள்ளே போகும். 30 கிராம் பிடிக்கிற சின்ன டப்பாக்கள் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை நிரப்பினால் வெள்ளி வரைக்கும்.

நமத்ததை எறிய வேண்டாம். வெறும் வாணலியில் சின்னத் தீயில் 2 நிமிஷம் புரட்டி ஆறவைத்தால் கடலை திரும்பும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் எறிங்க. அது நமத்தது இல்லை, எண்ணெய் கெட்டது, வாணலியில் திரும்பாது. நிலக்கடலையில்தான் இது சீக்கிரம் வரும். கொண்டைக்கடலையில் கொழுப்பு குறைவு, மாதக்கணக்கில் நிற்கும்.

கேள்வி கேட்டவர், ஆகஸ்ட் 19

உப்புக்கடலை கால் கிலோ செய்து பார்த்தேன், வெடித்தது. தோலை ஊதி எடுத்துவிட்டுச் சாப்பிடணுமா?

ஆகஸ்ட் 19

தோலோடு சாப்பிடுங்க. நார்ச்சத்து அங்கேதான் அதிகம், 4 மணியிலிருந்து ராத்திரி வரை பசி தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. தோல் தொண்டையில் ஒட்டுகிறது என்றால் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. பல் ஆட்டம் உள்ள பெரியவர்களுக்கு மட்டும் பொட்டுக்கடலை கொடுங்க, மிளகும் உப்பும் போட்டுப் பொடித்து.